கோவை குடோனிலிருந்து சென்னைக் கடை வரை: சரக்குப் போக்குவரத்தை எண்களால் அளப்பது எப்படி?

நான் வேலை பார்த்த ஒரு குடோனில் அலுவலகச் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதில் "குறித்த நேரத்தில் அனுப்பியது: 96%" என்ற மாதிரி ஒரு எண்ணை எழுதுவோம். அதே திங்கட்கிழமை காலையில்தான் சென்னையிலிருந்து கடைக்காரர்கள் வரிசையாகப் போன் போட்டு, "சரக்கு இன்னும் வரலையே" என்று சத்தம் போடுவார்கள். பலகையும் பொய் சொல்லவில்லை, கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. எங்கள் கடிகாரம் லாரி குடோன் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிடும். கடைக்காரரின் கடிகாரம் கடைசிப் பெட்டி அவர் கடைக்குள் இறங்கும் வரை ஓடிக்கொண்டிருக்கும்.

முக்கியச் செயல்திறன் குறியீடு, சுருக்கமாகக் கேபிஐ, என்று எதைச் சொன்னாலும் பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது: கடிகாரம் எங்கே ஓட ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது? சூத்திரங்கள் எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இந்த வழிகாட்டிக்கு ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு குடோன், சொந்தமாகப் பத்துப் பன்னிரண்டு லாரி. சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விக்கிரவாண்டி வழியாகச் சென்னைக்கு ஓட்டம். ஒரு பக்கம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கணக்குகளில் வரும் ரூபாயும் சதவீதமும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

1. ஒரு நீளமான கோடு போடுங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு பெரிய தாளில் இடமிருந்து வலமாக ஒரு கோடு. அதில் ஒரு ஆர்டர் கடந்து போகும் புள்ளிகளைக் குறியுங்கள். எங்கள் ஓட்டத்தில் பத்து இருந்தன: ஆர்டர் வந்தது, பில் போட்டது, லாரி கேட்டுக்குள் வந்தது, ஏற்றும் இடத்தில் நின்றது, லோடு முடிந்தது, கேட்டை விட்டு வெளியேறியது, பார்ட்டியின் (சரக்கைப் பெறுபவரின்) கேட்டில் சேர்ந்தது, இறக்கி முடித்தது, கையெழுத்துப் போட்ட எல்ஆர் (லாரி ரசீது) நகல் திரும்பி வந்தது, பணம் வந்தது.

இந்தக் கோட்டைத் தனியாக உட்கார்ந்து வரையாதீர்கள். கேட் செக்யூரிட்டி, லோடிங் மேஸ்திரி, பில் போடுபவர், ஒரு டிரைவர், இந்த நால்வரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். "லாரி கேட்டுக்குள் வந்தது" என்று நீங்கள் நினைக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அது ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருக்கும். உள்ளே இடம் இல்லை என்று செக்யூரிட்டி வெளியே நிறுத்தியிருப்பார். அந்த இரண்டு மணி நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

2. எண்ணைக் கேட்டு யார், என்ன செய்வார்?

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருப்பது எல்லாமே அளக்கத் தக்கதுதான். பத்துப் புள்ளி இருந்தால் நாற்பத்தைந்து இடைவெளி கிடைக்கும். அத்தனையையும் அளக்கப் போனால் குடோனில் பெட்டி ஏற்ற ஆள் மிஞ்ச மாட்டார்.

அதனால் ஒவ்வொரு எண்ணிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது கெட்டுப்போனால் நாளைக் காலையில் யார், என்ன செய்வார்? பதிலாக ஒரு பெயரும் ஒரு வேலையும் வந்தால் அந்த எண் பட்டியலில் இருக்கட்டும். "முதலாளி பார்ப்பார்" என்பது பதில் இல்லை. எங்கள் அளவு நிறுவனத்துக்கு ஏழு, எட்டு எண்கள் தாராளம். முதல் மூன்று மாதம் நாலு இருந்தாலே போதும் என்பது என் கருத்து.

3. எழுதி வைக்கும் வரை அது குறியீடு ஆகாது

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அட்டை. அதில் அதன் பெயர், கடிகாரம் தொடங்கும் புள்ளி, நிற்கும் புள்ளி, எதை எதால் வகுக்கிறோம், எதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம், தகவல் எந்த ரிஜிஸ்டரிலிருந்து வருகிறது, பொறுப்பு யாருக்கு என்று எழுதுங்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த அட்டையை எழுதும்போது வரும் வாக்குவாதம் இருக்கிறதே, அதுதான் மொத்த வேலையில் பாதி.

நேரத்திலும் முழுதாகவும் சேர்ந்த ஆர்டர்களின் விகிதத்தை எடுத்துக்கொள்வோம். தொழிலில் இதை ஓடிஃப் என்பார்கள். கேட்க எளிது. அட்டை எழுத உட்கார்ந்தால் கேள்விகள் வரிசையாக வரும்.

எந்தத் தேதியை வைத்து "நேரத்தில்"? புதன்கிழமை தருகிறோம் என்று சொல்லிவிட்டு, செவ்வாய் மாலை போன் செய்து "வெள்ளிக்கிழமை ஆகும்" என்கிறோம். வெள்ளிக்கிழமை சரியாகக் கொடுத்துவிட்டால் அது வெற்றியா? பல இடங்களில் வெற்றி என்றே எழுதுகிறார்கள். நான் முதலில் சொன்ன தேதியை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். கடைக்காரரே தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால் மட்டும் விதிவிலக்கு. அதையும் அட்டையில் எழுத வேண்டும்.

50 பெட்டி கேட்டார், 48 போனது. முழுதா? ஓடிஃப் கணக்கில் இல்லை. அந்த ஆர்டர் தோல்வி. பெட்டிக் கணக்கில் பார்த்தால் 96 சதவீதம் போயிருக்கிறது. இரண்டும் தேவையான தகவல்தான், ஒன்றை இன்னொன்றின் பெயரில் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். வாரத்தில் 100 ஆர்டர். 92 நேரத்தில் போயின. 94 முழுதாகப் போயின. ஓடிஃப் எவ்வளவு? 92 என்று உடனே சொல்லிவிட முடியாது, இரண்டின் சராசரியான 93-உம் இல்லை. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேறிய ஆர்டர்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அது 87 ஆக இருக்கலாம், 91 ஆகவும் இருக்கலாம். 86-க்குக் கீழே மட்டும் போகாது. இதோடு "சேதம் இல்லாமல்", "பில்லில் தப்பு இல்லாமல்" என்ற இரண்டையும் சேர்த்தால் அது குறையில்லாத ஆர்டர் விகிதம். 1996-இல் அமெரிக்காவில் உருவான ஸ்கோர் என்ற விநியோகச் சங்கிலி மாதிரியில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. நான்கும் தனித்தனியாக 95 சதவீதம் என்று நான்கு துறைத் தலைவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தப்பு நடந்தால் குறையில்லாமல் போய்ச் சேர்வது 81 சதவீதம்தான். ஐந்து ஆர்டருக்கு ஒன்று கெட்டுப்போகிறது.

4. நேரத்தை யாரிடமும் கேட்காதீர்கள்

உலக வங்கி நாடுகளின் சரக்குப் போக்குவரத்துத் திறனைத் தரவரிசைப்படுத்தும் ஒரு குறியீட்டை வெளியிடுகிறது. 2023 பட்டியலில் 139 நாடுகளில் இந்தியாவுக்கு 38-வது இடம். 2018-இல் 44. இந்தத் தரவரிசையால் நம் குடோனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் 2023-இல் அவர்கள் செய்த ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. அதுவரை தொழிலில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் போட்டு வந்தவர்கள், அந்தப் பதிப்பில்தான் கன்டெய்னர்கள் உண்மையில் எங்கே எத்தனை நாள் நின்றன என்ற தடத்தகவலையும் முதன்முறையாகச் சேர்த்தார்கள்.

நாமும் அதைச் செய்யலாம், அதிகச் செலவில்லாமல். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் பணம் கழியும்போது நேரத்தோடு பதிவாகிறது. விஜயமங்கலத்தில் எத்தனை மணி, விக்கிரவாண்டியில் எத்தனை மணி, பரனூரில் எத்தனை மணி என்று மாதக் கணக்கறிக்கையை இறக்கினால் தேதியும் நேரமுமாகக் கைக்கு வந்துவிடும். டிரைவரிடம் போன் செய்து "எங்கப்பா இருக்கே?" என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வரும் நேரத்தை எடுக்காதீர்கள், சில சமயம் தாமதமாக வரும். அறிக்கையில் சாவடியைக் கடந்த நேரம் தனியாக இருக்கும், அதை எடுங்கள்.

அடுத்தது இ-வே பில், அதாவது ஜிஎஸ்டி விதிப்படி சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் ஒவ்வொரு 200-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் இன்னொரு நாள் என்று செல்லுபடி. 500 கிலோமீட்டருக்கு மூன்று நாள் கிடைக்கும். ஒரு இரவில் ஓடிவிடக்கூடிய தூரத்துக்கு மூன்று நாள் என்பது தாராளம். அப்படியும் பில்லை நீட்டிக்க வேண்டி வந்தால் எங்கோ பெரிதாக ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதனால் "இந்த மாதம் எத்தனை இ-வே பில்லை நீட்டித்தோம்" என்பதையே நான் ஒரு குறியீடாக வைப்பேன். தனியாக ரிஜிஸ்டர் வேண்டாம், ஆள் வேண்டாம், யாரும் எண்ணை மாற்றி எழுதவும் முடியாது. ஆனால் இ-வே பில் போட்ட நேரத்தை லாரி கிளம்பிய நேரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லோடு பாதியில் இருக்கும்போதே பில் போட்டுவிடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு.

மீதிப் புள்ளிகளுக்குக் கேட் ரிஜிஸ்டர். அதில் உள்ளே, வெளியே என்று இரண்டே நேரம் இருக்கும். நடுவில் இன்னும் இரண்டு பத்தி சேர்த்து, ஏற்ற ஆரம்பித்தது, முடித்தது என்று எழுதச் சொல்லுங்கள். மேஜையில் ஒரு பெரிய டிஜிட்டல் கடிகாரம் வையுங்கள். இல்லாவிட்டால் எல்லா நேரமும் 10:00, 10:30, 11:00 என்று அழகாக முழு எண்ணில் வரும். அப்படி வந்தால் மாலையில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

5. ஏற்றும் நேரம்: சராசரியை நம்பாதீர்கள்

லாரி கேட்டுக்குள் வந்ததிலிருந்து வெளியேறும் வரை ஆகும் நேரம். குடோன் வேலையில் எனக்குப் பிடித்த எண் இதுதான், ஏனென்றால் இதைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை தானாகக் கரையும்.

ஒரு நாளில் பத்து லாரி. ஒன்பது வண்டிக்குத் தலா 2 மணி நேரம், ஒன்றுக்கு 14 மணி நேரம். சராசரி 3.2 மணி. அன்றைக்கு 3.2 மணி நேரம் காத்திருந்த லாரி ஒன்றுகூட இல்லை! சராசரியைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறோம், வேகப்படுத்துவோம்" என்று லோடிங் ஆட்களை விரட்டுவீர்கள். அவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்த ஒற்றை லாரியை. அதனால் நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் இருப்பதையும் கடைசிப் பத்தில் ஒரு பங்கையும் தனித்தனியாக எழுதுங்கள். எக்செல்லில் இரண்டு நிமிட வேலை.

அப்புறம், வந்த நேரத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். நாங்கள் அப்படிப் பிரித்தபோது, காலை 11 மணிக்கு முன் வந்த வண்டிகள் சீக்கிரம் கிளம்பின, பன்னிரண்டரைக்கு வந்தவை மாலை வரை கிடந்தன. சாப்பாட்டு நேரம்தான் காரணம் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ரிஜிஸ்டரில் இரண்டு பத்தி சேர்த்த பிறகுதான் தெரிந்தது: ஆட்கள் இரண்டு மணிக்கே திரும்பிவிடுகிறார்கள், பில்தான் இல்லை. அலுவலகத்தில் மதிய ஆர்டர்களுக்கெல்லாம் மூன்று மணிக்கு மேல் மொத்தமாகப் பில் போடுவது வழக்கம். பல வருடமாகச் சுமைப்பணித் தொழிலாளர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு, ஏசி அறைக்குள் போக வேண்டியது.

6. ஒரு டன், ஒரு கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய்?

போக்குவரத்துச் செலவை விற்பனையின் சதவீதமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சரக்கின் விலை ஏறினால் ஒன்றுமே செய்யாமல் அந்த எண் அழகாகிவிடும். டன்-கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பது நேர்மையான எண்.

சென்னைக்குப் போய்வர 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் 250 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 23,000. சுங்கம், பேட்டா, ஏற்றுகூலி, இறக்குகூலி, டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு டிரிப் 38,000 ரூபாய் என்று வைப்போம். போகும்போது 9 டன், வரும்போது எம்ப்டி. 9 டன் பெருக்கல் 500, ஆக 4,500 டன்-கிலோமீட்டர். ஒன்றுக்கு 8.44 ரூபாய். திரும்பும்போது 7 டன் ரிட்டன் லோடு கிடைத்தால் செலவு கூடுதலாக 2,000 ஆகி 40,000 ஆகலாம், ஆனால் டன்-கிலோமீட்டர் 8,000. ஒன்றுக்கு 5 ரூபாய். மைலேஜை 4-லிருந்து 4.2 ஆக்க எத்தனையோ கூட்டம் போடுகிறோம். எம்ப்டி ஓட்டம் மொத்த ஓட்டத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இது ஓட்டச் செலவு மட்டும். லாரி நின்றாலும் ஓடினாலும் தவணை, இன்சூரன்ஸ், சம்பளம் உண்டு. மாதம் 60,000 என்று வைத்தால், ஆறு டிரிப் அடிக்கும் வண்டிக்கு டிரிப்புக்கு 10,000, எட்டு அடிக்கும் வண்டிக்கு 7,500. அந்த இரண்டு டிரிப் எங்கே போயிற்று என்று தேடினால், மாதவரத்திலோ செங்குன்றத்திலோ இறக்க ஆள் வராமல் ஹால்டிங்கில் கிடந்த நாட்களில் கிடைக்கும். அதனால் பார்ட்டி வாரியாகக் காத்திருப்பு நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த லாரி வாடகைப் பேச்சில் அந்தத் தாளை மேஜையில் வைத்தால் பேச்சின் தொனியே மாறும்.

வண்டி நிறைவையும் எடையில் மட்டும் பார்க்காதீர்கள். பஞ்சு, பிளாஸ்டிக் சாமான் என்றால் எடை பாதிகூட ஏறாது, இடம் நிறைந்துவிடும். எது முதலில் முட்டுகிறதோ அதுதான் நிறைவு.

7. இருப்பும், பெட்டி எடுப்பதும்

குடோனில் பத்து ரேக். கணினியில் மொத்தம் 1,000 பெட்டி. எண்ணினால் அதே 1,000. நூற்றுக்கு நூறு என்று ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார். ஆனால் நாலு ரேக்கில் கூடவும் குறையவும் இருந்து ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கிறது. இடவாரியாகப் பார்த்தால் சரியாக இருப்பது ஆறுதான், 60 சதவீதம். பெட்டி எடுக்கப் போகும் பையனுக்கு மொத்த எண்ணால் பயனில்லை, அவன் போகும் ரேக்கில் சரக்கு இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை குடோனை மூடி எண்ணுவதைவிட, தினமும் ஓரிரு ரேக், வேகமாக ஓடும் சரக்கை அடிக்கடி என்று எண்ணுவது நல்லது.

தப்பாக எடுத்த பெட்டி, உடைந்தது, நனைந்தது ஆகியவற்றை பில்லில் வரும் ஆயிரம் சரக்கு வரிகளுக்கு எத்தனை என்று எழுதுங்கள். விபத்துகளை விகிதமாக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

8. பிஓடி எனும் மறந்துபோன புள்ளி

இறக்கியாயிற்று என்றதும் எல்லோரும் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சரக்கைப் பெற்றதாகக் கையெழுத்தான நகல், அதாவது பிஓடி, வந்தால்தான் பில் நகரும். லாரி வாடகையாக மாதம் வர வேண்டியது 30 லட்சம். நகல் மூன்றாம் நாள் வருவதற்குப் பதில் பன்னிரண்டாம் நாள் வந்தால், ஒன்பது நாள் வருமானம், அதாவது 9 லட்சம் ரூபாய், எப்போதும் வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மாதம் 9,000 ரூபாய். காகிதம் டிரைவரின் கேபினில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். இறக்கிய இடத்திலேயே வாட்ஸ்அப்பில் போட்டோ, அசல் அடுத்த டிரிப்பில் என்று பார்ட்டியிடம் பேசி முடிக்கப் பாருங்கள். அசல் இல்லாமல் பில்லைத் தொட மாட்டேன் என்பவர்களுக்கு மட்டும் கூரியர்.

9. ஆறு வாரம் சும்மா பாருங்கள்

இலக்கு வைக்காமல் ஆறு வாரம் அளந்து மட்டும் வாருங்கள். முதல் இரண்டு வாரம் வரும் எண்கள் பயங்கரமாக இருக்கும். வேலை கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு இலக்கு வைக்கும்போது, இன்னொரு நிறுவனத்தின் 98 சதவீதத்தை இரவல் வாங்காதீர்கள். அவர்கள் கடிகாரம் எங்கே நிற்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. இந்த ஆறு வாரத்தில் நீங்களே தொட்ட நல்ல வாரம் எது, அதை வழக்கமான வாரமாக்க முடியுமா என்பதுதான் முதல் இலக்கு.

ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் எழுத ஒரு பத்தி வேண்டும். ஆறேழு காரணக் குறியீடு போதும்: சரக்கு இல்லை, பில் தாமதம், வண்டி வரவில்லை, வண்டி பழுது, பார்ட்டி இறக்கவில்லை, நகரத்துக்குள் பகல் நேரத் தடை, மற்றவை. "மற்றவை" பத்தில் ஒன்றைத் தாண்டினால் அதைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் பெயரை எழுதத் தயங்கியது அங்கே ஒளிந்திருக்கும்.

வாரக் கூட்டம் இருபது நிமிடம், நின்றபடி, லோடிங் இடத்திலேயே. செக்யூரிட்டியும் அன்றைக்கு ஊரில் இருக்கும் டிரைவர் ஒருவரும் கட்டாயம் வர வேண்டும்.

10. எண்ணுக்காக வேலை செய்ய ஆரம்பிப்பார்கள்

"மாலை ஆறு மணிக்குள் லாரி கேட்டைத் தாண்ட வேண்டும்" என்று நாங்கள் ஒருமுறை இலக்கு வைத்தோம். மறுவாரமே ஓகோவென்று போனது. மாதக் கடைசியில் டீசல் கணக்கைப் பார்த்தால் டிரிப்புகள் கூடியிருக்கின்றன, ஏற்றிய டன் அப்படியே இருக்கிறது. ஐந்தே முக்காலுக்கு லோடு பாதியில் இருந்தாலும் தார்ப்பாய் கட்டி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நாங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். அதிலிருந்து எந்த வேக எண்ணையும் தனியாக வைப்பதில்லை. கிளம்பும் நேரத்தோடு வண்டி நிறைவு, பெட்டி எடுக்கும் வேகத்தோடு தப்பு எண்ணிக்கை என்று ஜோடியாகத்தான் பலகையில் ஏறும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிரைவரின் ஓட்ட நேரத்தை ஊக்கத்தொகையோடு முடிச்சுப் போட வேண்டாம். பரனூரை இத்தனை மணிக்குள் தாண்டினால் இவ்வளவு ரூபாய் என்று அறிவித்தால், அந்தப் பணத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். நேரம் மிச்சப்படுத்த வேண்டுமானால் லாரி நிற்கும் இடங்களில் தேடுங்கள், அது இரண்டு முனைக் கேட்டிலும் கொட்டிக் கிடக்கிறது.

மாதம் ஒருமுறை ஐந்து எல்ஆர்களைக் கண்ணை மூடிக்கொண்டு உருவி, பத்துப் புள்ளிகளின் நேரத்தையும் ரிஜிஸ்டர், ஃபாஸ்டேக் அறிக்கை, பிஓடி என்று கையால் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மாதமாக யாரும் கேள்வி கேட்காத எண் எதுவோ அதைப் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். எங்கள் பலகையில் முதலில் அழிந்தது அந்த 96 சதவீத வரிதான். அந்த இடத்தில் கடைக்குள் இறங்கிய நேரத்தை வைத்து எழுதிய முதல் எண் 71.